வைரவனுக்கு முதல் தட்டு

கோமுவின் வீட்டு நாய் சைவம். பாளையங்கோட்டை சிவன் கோயில் தெருவில் இதை அறியாத ஆள் கிடையாது. யாராவது புதிதாகக் குடிவந்தால், அவர்கள் பால் காய்ச்சி முடித்த கையோடு கோமுவே போய்ச் சொல்லிவிடுவாள். நாயின் பெயர் வைரவன். செவலை நிறம், நெற்றியில் மட்டும் விபூதி இட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. காலையில் தயிர்ச்சோறு, மத்தியானம் பருப்புச்சோறு. பிரதோஷத்தன்று விரதம்கூட இருக்கும் என்பாள். அன்று வீட்டில் பொழுது சாய்கிறவரை யாருக்குமே சோறு கிடையாது, அதனால் நாய்க்கும் கிடையாது என்கிற விவரத்தை மட்டும் விட்டுவிடுவாள்.

திங்கட்கிழமை சாயந்தரம் அவள் வீட்டுக் கூடத்தில் பாராயணத்துக்குப் பெண்கள் கூடுவார்கள். பாட்டு முடிந்து சுண்டல் வாங்கும்போது வைரவனை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அடுத்த வீட்டு விஜயஸ்ரீ ஒருநாள், "போன பிறவில ஏதோ பெரிய மகானா இருந்திருக்கும் போல" என்று சொல்லிவைக்க, கோமுவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வீட்டில் ஆசாரம் போதாத ஜீவன் ஒன்று உண்டென்றால், அது அவள் புருஷன் திருஞானசம்பந்தம்தான். சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்து ஊர் ஊராக அளந்து ரிட்டையரானவர். தினமும் வெயில் தாழ்ந்ததும் நாய்ச் சங்கிலியைக் கையில் எடுப்பார். வைரவன் அதற்கு முன்பே வாசலில் நிற்கும். பாளையங்கால்வாய் ஓரமாக நடந்து, வயலுக்கு நடுவே இருக்கிற மருதந்தோப்புக் கடைக்குத்தான் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். ரோட்டைப் பார்த்த பக்கம் ஒயின்ஷாப். பின்பக்கம் தோப்பு. தோப்புக்குள் பெஞ்சு போட்டுக் குடிக்கிற இடம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். சட்டையில் புளித்த வாடை அடிக்கும். தள்ளாட மாட்டார், உளற மாட்டார். கோமுவுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். தள்ளாடினால் தெருவைக் கூட்டியாவது திட்டலாம்.

திட்டாமலும் இல்லை. வருஷக்கணக்காகத் திட்டினாள். கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். குளித்தார். மார்கழிக் குளிரிலும் குளித்தார். தனித் தட்டு, தனி டம்ளர் என்றாள். தலையாட்டினார்.

"நாய எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறிய? குடிச்சிட்டு வழி தெரியலன்னா வீடு கொண்டாந்து சேக்கவா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆமா" என்றார் சம்பந்தம். அவ்வளவுதான் பேச்சு.

சுத்த சைவமான ஒரு ஜீவனைச் சாராய வாடைக்குள் கொண்டுபோய்க் கட்டிப்போடுகிறாரே என்று, தன் தலையெழுத்துக்கு அழுததோடு நாயின் தலையெழுத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அந்த மார்கழிக் கடைசியில் ஒரு காலையில் சம்பந்தம் பல் தேய்க்கும்போதே சரிந்து விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். கண்ணும் இடது கையும்தான் மிச்சம். வாயிலிருந்து 'பா, பா' என்று ஒரு சத்தம் வரும். அது யாரைக் கூப்பிடுகிறது, எதைக் கேட்கிறது என்று யாருக்கும் விளங்காது.

ஆனால் சாயந்தரத்தில் கேட்பது மட்டும் கோமுவுக்கு நன்றாக விளங்கியது. மேற்கு வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டிலில் வந்து விழுந்ததும், அவருடைய இடது கை எழும்பும். ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவார். பிறகு வாசலைப் பார்ப்பார். திரும்பவும் கை வாய்க்குப் போகும். 'பா, பா.'

"இந்த நெலமையிலயும் அந்தச் சனியன்தான் கேக்குதா?" என்பாள் கோமு. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்று அழுவாள்.

அதே நேரத்துக்கு வைரவனும் சங்கிலியை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்காரும். அவள் சங்கிலியைப் பிடுங்கி, நாயைத் தூணில் கட்டிப்போடுவாள். தயிர்ச்சோற்றை முன்னால் வைத்தால், மரியாதைக்கு இரண்டு வாய் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாசி பிறப்பதற்குள் விலா எலும்பு ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, "நோய்னு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது" என்று டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக்கையும் அது மரியாதைக்குத்தான் நக்கியது.

எஜமானுக்காக உண்ணாவிரதம் இருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கோமுவும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. கட்டிலில் ஒருவர், தூணடியில் ஒன்று. இரண்டு பேரும் ஒரே அளவாகத் தேய்ந்துகொண்டு வந்தார்கள். இந்த நாய் போய்விட்டால் பின்னாலேயே அவரும் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் தோன்றியதுதான், கோமுவை மாற்ற முடியாது.

ஒரு சாயந்தரம் சம்பந்தத்தின் கை எழும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது. அதைத் துடைக்கப் போன கோமு, துடைக்காமலே நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தூக்குச்சட்டியை எடுத்து, ஒயர்க்கூடைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாவைக் கூப்பிட்டாள்.

"நீ செத்த நேரம் இவ்வோ பக்கத்துல இரி. நான் கடைக்குப் போயிட்டு வந்திருதேன்."

"என்ன வாங்கணும், நான் போயி வாங்கியாரேன்லா."

"நீ வாங்க முடியாது" என்றாள் கோமு.

ஆமாம், அதைத்தான் முடிவு செய்திருந்தாள். டாக்டர் கூடாது என்பார், சாமி கூடாது என்பார். இருக்கட்டும். இந்த உடம்பில் அந்த மனுஷனுக்கு இனி என்ன பாக்கி இருக்கிறது? அவர் கேட்பதில் ஒரு மடக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது, பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது. பாட்டிலைத் தெருவழியே தூக்கிவர முடியாது. தூக்குச்சட்டியில் ஊற்றி வாங்கினால் பார்க்கிறவர்களுக்குப் பாயசம் மாதிரி இருக்கும். கடைக்கு வழி அவளுக்குத் தெரியாது. வைரவனுக்குத் தெரியும்.

சங்கிலியை அவிழ்த்ததும் நாய் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு இழுத்துக்கொண்டு நடந்தது.

கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கோமு போனதே கிடையாது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து பாலம் வரைதான் அவள் ஊர். பாலத்தைத் தாண்டியதும் தெருச் சத்தமெல்லாம் பின்னால் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுபோனது. பிசான நெல் அறுப்புக்குத் தயாராகப் பழுத்துக் கிடந்தது. கால்வாய்த் தண்ணீரில் வெயில் படுத்திருந்தது. வரப்பில் நின்ற கொக்குகள் அவளைப் பார்த்துப் பறக்கவில்லை, ஒதுங்கி நின்று வழிவிட்டன. தாழம்பூவா, பழுத்த நெல்லா, ஆற்று ஈரமா என்று பிரிக்க முடியாத ஒரு வாசனை காற்றில் வந்தது. எலும்பும் தோலுமான வைரவன் எங்கிருந்தோ பலத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போயிற்று. அங்கங்கே நின்று ஒரு கல்லை, ஒரு உடைமரத்தை மோந்து பார்த்தது. அது நின்ற இடத்தில் அவளும் நின்றாள். இங்கேயெல்லாம் அவரும் நின்றிருப்பார், நாயோடு ஏதாவது பேசியிருப்பார் என்று நினைத்தாள். வீட்டில் பேசாத மனுஷன் இந்த வரப்பில் பேசியிருக்கக்கூடும். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கால் தன்பாட்டுக்கு நடந்தது, தூக்கத்தில் நடக்கிறவளின் கால்போல.

தோப்பு திடீரென்று வந்தது. பெரிய பெரிய மருத மரங்கள், நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். கிளைக்குக் கிளை கோயில் கொடையில் கட்டுவதுபோலக் கலர் பல்பு கட்டியிருந்தார்கள். வெளிச்சம் போவதற்கு முன்பே போட்டுவிட்டதால் அவை எரிகின்றனவா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. மரத்தடிக்கு மரத்தடி சிமெண்டுப் பெஞ்சு, கல் மேஜை. ஒவ்வொரு மரத்திலும் இடுப்புயரத்தில் ஒரு இரும்பு வளையம். வளையத்தில் நாய்கள்.

கோமு சண்டையையும் கூச்சலையும் எதிர்பார்த்துத் தலைமுந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அங்கே அமைதியாக இருந்தது. ஒரு மேஜையில் மேலச்செவல் பக்கத்து வயக்காட்டுச் சம்சாரி மாதிரி ஒருவர் பீர் கிளாசோடு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் வேட்டைக்குப் போகிற கன்னி நாய் ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. இன்னொரு மேஜையில் பேங்க்காரர் போலச் சட்டையை உள்ளே விட்டவர். அவர் மடியில் வெள்ளைப் பொமரேனியன், அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன். கோமுவைக் கண்டதும் சம்சாரி எழுந்து நின்றார். பேங்க்காரர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்ததுபோல ஆகிவிட்டது.

வைரவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசி மரத்தடிக்குப் போய், மேஜைக்குக் கீழே தனக்கென்று குழிந்திருந்த மண்ணில் உட்கார்ந்தது. கோமு வேறு வழியில்லாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவருடைய பெஞ்சு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமையல் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கோமுவைவிடக் கொஞ்சம் இளையவள். கழுத்தில் சின்னச் சிலுவை. நாயைப் பார்த்தாள், கோமுவைப் பார்த்தாள். முகம் ஒரேயடியாக மலர்ந்து, உடனே பயந்தது.

"வாங்க மைனி" என்றாள். "அண்ணாச்சிக்கு இப்ப எப்படி இருக்கு? விழுந்துட்டாவன்னு கேள்விப்பட்டேன். வந்து பாக்கணும்னு கெடந்து தவிச்சேன். உங்க வீட்டுக்கு நாங்க வரலாமோ கூடாதோன்னு இருந்துட்டேன். என் பேரு சாரம்மாள்."

சாராயக்கடைக்காரி தன்னை மைனி என்று கூப்பிடுகிறாள். அந்த உறவு எப்போது, யார் கொடுத்தது? கோமுவுக்குச் சுருக்கென்று வந்தது. ஆனால் குரலில் இருந்த கவலை நிஜம். அதையும் அவளால் தட்ட முடியவில்லை.

"பேச்சு இல்ல. கெடையாத்தான் கெடக்காவ" என்றாள். ஒயர்க்கூடையை மேஜைமேல் வைத்தாள். சொல்ல வேண்டியதைத் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவ்வோ வழக்கமா இங்கன வாங்குதது என்னவோ, அத இதுல குடு. பேரெல்லாம் எனக்குத் தெரியாது."

"வழக்கமா வாங்குததா?"

"ஆமா. சாயந்தரமானா கையை வாய்க்குக் கொண்டுபோயிக் கொண்டுபோயிக் கேக்காவ. பாக்கச் சகிக்கல. குடு."

சாரம்மாள் குனிந்து நாயைப் பார்த்தாள். கீழே வைரவன் வாலால் மண்ணைத் தட்டியது. அவள் கொட்டகைக்குப் போனாள். கல்லில் ஏதோ புரட்டுகிற சத்தம் வந்தது, மிளகு வாசனை வந்தது. திரும்பி வந்தவள் கையில் ஒரு அலுமினியத் தட்டு. அதைக் கோமுவின் முன்னால் வைக்கவில்லை. குனிந்து நாயின் முன்னால் வைத்தாள். ஆட்டு ஈரல், சின்னச் சின்னத் துண்டாக, எலும்புச்சாறு ஊற்றிய சோற்றோடு.

"ஏ, என்ன செய்யுத? அவன் சைவம்" என்று எழுந்துவிட்டாள் கோமு.

"தெரியும் மைனி" என்றாள் சாரம்மாள், பைய. "அண்ணாச்சி சொல்லியிருக்காவ."

வைரவன் தின்றது. கோமு அது தின்று பார்த்தே எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அவசரப்படவில்லை. முதலில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. பிறகு தலையைத் தட்டுக்குள் விட்டது, விலா எலும்புகள் ஏறி இறங்கின, தட்டு மண்ணில் நகர்ந்து நகர்ந்து மரத்தில் முட்டி நின்றது. கோமுவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலுக்கு நடுவிலேயே, நன்றாகத் தின்னட்டும், இன்னும் தின்னட்டும் என்று இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றுக்குள் எப்படி இருக்கின்றன என்று அவளுக்கே புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இது இங்கனயே பொறந்த குட்டி" என்றாள் சாரம்மாள். "அளவு எடுக்க வந்த எடத்துல அண்ணாச்சி பாத்துட்டுத் தூக்கிட்டுப் போனாவ. கொஞ்ச நாள்ல திரும்பக் கொண்டாந்தாவ, சாகக் கெடந்துச்சி. தயிர்ச்சோறு ஒத்துக்கல. ரெண்டு நாளு எலும்புச்சாறு ஊத்துனேன், எந்திரிச்சிட்டு. அதுலேந்து தெனம் வருவாவ. அவ்வோ வாங்குதது இதுதான் மைனி. இந்தத் தட்டுதான்."

"அப்ப அவ்வோ குடிக்கிறது?"

சாரம்மாள் கொட்டகை ஓரத்தைக் காட்டினாள். வரிசையாகப் பீங்கான் ஜாடிகள், வாயில் துணி கட்டி வைத்திருந்தாள். ஒன்றைத் திறந்து கிளாசில் ஊற்றிக் கொண்டுவந்தாள். கருப்பட்டி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சம்பழம். புளிக்க வைக்கிறது. எங்க அம்மை வெள்ளக்கார மிஸ்ஸியம்மா பங்களாவுல சமையலுக்கு இருந்தா, அவ கத்துக்கிட்டது. முன்பக்கத்து ஒயின்ஷாப்பு எங்க அண்ணன் பாக்கான். இது என் சொந்தக் கைவேல. அண்ணாச்சி ஒரு கிளாசு குடிப்பாவ, அம்புட்டுதான். அந்தப் பக்கத்துச் சரக்க ஒருநாளும் தொட்டது கெடையாது."

கோமு கிளாசை எடுத்து மோந்து பார்த்தாள். அதே வாடை. எத்தனை வருஷமாக அவள் சட்டையைத் தூரப் பிடித்துத் துவைத்த அதே புளித்த வாடை. குடித்தாள். நாக்கில் சுரீரென்று ஏறி, மூக்கு வழியாக வந்து, தொண்டையில் இனிப்பாக இறங்கியது.

"ஏறுமா இது?"

"கோழிக்குஞ்சுக்குக்கூட ஏறாது மைனி."

ஆனாலும் தோப்பு லேசாக அசைந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, பல்புகள் இப்போது நிஜமாகவே எரிந்தன. பச்சையும் சிவப்புமாக இலைக்குள் மிதந்தன. ஆற்றுப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கன்னி நாய் எழுந்து வந்து வைரவனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போய்ப் படுத்தது. பேங்க்காரர் பொமரேனியனுக்கு ஒரு ஆம்லெட்டைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கிளாஸ் இன்னும் வரவில்லை. எல்லா மேஜையிலும் அப்படித்தான், நாய்த் தட்டு வந்த பிறகே மனிதனுக்கு எதுவும் வந்தது. கோமு அதைக் கவனிப்பதைச் சாரம்மாள் பார்த்தாள்.

"இங்கன அப்படித்தான். நாயோட வந்தா நாய்க்குத்தான் முதல் தட்டு. குடிச்ச பெறவு மனுசனுக்கு ஞாபகம் இருக்காதுல்லா. வாயில்லாச் சீவன், பசியோட மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கும். நம்மதான் பாத்துச் செய்யணும்."

வாயில்லாச் சீவன். கோமு கிளாசைக் கீழே வைத்தாள். குவித்த விரலோடு வாய்க்குப் போகிற அந்தக் கை கண்முன்னே வந்தது. எத்தனை சாயந்தரம். நாயைப் பார், அதற்குச் சாப்பாடு கொடு, வாசலுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போ என்று அவர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் அதைச் சனியன் என்றாள்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "குடிகாரப் பட்டத்தச் சுமந்துக்கிட்டு, குளிர்ல குளிச்சிக்கிட்டு, தனித் தட்டுல தின்னுக்கிட்டு. சொன்னா நான் என்ன நாயக் கொன்னா போடுவேன்?"

"நானும் கேட்டிருக்கேன் மைனி. 'அவ ஊரெல்லாம் சொல்லிட்டா சாரா, நாய் சைவம்னு. அது ஒண்ணுலதான் அவளுக்கு அம்புட்டு சந்தோசம். அவ சொன்னத நான் எப்படிப் பொய்யாக்க?'ன்னு கேட்டாவ. பெறவு நான் கேக்கல."

கோமு அழுதாள். ஒளிக்காமல் அழுதாள். வெட்கத்தில் பாதி, அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தில் பாதி. கோபத்துக்கு அடியில் இத்தனை வருஷம் காணாமல் போயிருந்த பிரியம் அப்படியே புதுக்கருக்கோடு கிடந்தது. சம்சாரியும் பேங்க்காரரும் மரத்தின் உச்சியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாரம்மாள் தூக்குச்சட்டி நிறைய இஞ்சித்தண்ணியை ஊற்றி மூடிக் கொடுத்தாள். திரும்புகிற வழி முழுக்க அது உள்ளே முணுமுணுவென்று பேசிக்கொண்டே வந்தது. வைரவன் இப்போது முன்னால் இழுக்கவில்லை, பக்கத்திலேயே நடந்தது. வயல் மேல் இருட்டு மெதுவாகப் படிந்தது. கோமுவுக்கு வீட்டுக்குப் போகிற மாதிரியே இல்லை, வேறு யாரோ கண்டுகொண்டிருக்கிற நல்ல கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் அது கலைந்தது. பழக்கத்தில் நேராகக் கொல்லைப்புறம் போனாள். மேலெல்லாம் மிளகும் ஈரலும் புளிப்புமாக வாடை. கிணற்று வாளியில் கை வைத்தாள். அவள் போட்ட சட்டம்தான், குளிக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. இதே வாளி, இதே கல். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாளியை விட்டுவிட்டு அந்த வாடையோடேயே கூடத்துக்குப் போனாள்.

வைரவன் கட்டிலில் முன்னங்காலை வைத்துச் சம்பந்தத்தின் கையை நக்கியது. அவர் மூக்கு விரிந்தது. நாயைப் பார்த்தார், அதன் வயிற்றைப் பார்த்தார். பிறகு கோமுவைப் பார்த்தார், பிடிபட்ட பையன் வாத்தியாரைப் பார்க்கிற பார்வை.

"எல்லாம் பாத்துட்டேன்" என்றாள் கோமு. "முதல் தட்டு அவனுக்குக் குடுத்தாச்சி."

இஞ்சித்தண்ணியைக் கிளாசில் ஊற்றி, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து, ஸ்பூனால் கொடுத்தாள். தனி டம்ளரைத் தேடாமல் தன்னுடையதிலேயே ஊற்றினாள். அதுவரை கட்டிலடியில் இருந்த இசக்கியம்மா வாசலுக்குப் போய் நின்று, "அப்ப தெரிஞ்சிட்டாக்கும்" என்றாள். அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கோமு கேட்கவில்லை, கேட்டால் இன்னும் வெட்கமாகப் போய்விடும்.

அதன்பிறகு தினமும் கோமுதான் போனாள். தெருவில் கேட்டவர்களிடம் நாய்க்குக் காற்று வாங்க என்றாள். வைரவனுக்குச் சதை பிடித்தது, ரோமம் மினுங்கியது. ஆனால் சம்பந்தத்தின் கை மட்டும் அடங்கவில்லை. சாயந்தரமானால் இப்போதும் வாசலைப் பார்த்தார். அதுவும் கோமுவுக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று. புரிந்துகொள்வதில் அவள் கொஞ்சம் நிதானம்தான்.

விளங்கிய அன்று திங்கட்கிழமை. பாராயணத்துக்குப் பெண்கள் வருகிற நேரம். அவள் பின் தெரு அசன் மைதீனை ஆட்டோ கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அவனும் இசக்கியம்மாவும் கைத்தாங்கலாகச் சம்பந்தத்தைத் தூக்கி, ஆட்டோவில் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வைரவன் யாரும் சொல்லாமலே ஏறி அவர் காலடியில் உட்கார்ந்தது. அப்போதுதான் விஜயஸ்ரீயும் மற்றவர்களும் கையில் பூக்கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

"என்ன கோமு மைனி, டாக்டர்ட்டயா?"

"இல்ல. வைரவனுக்குச் சாப்பாடு குடுக்கப் போறோம். நீங்க உள்ள உக்காந்து பாடுங்க, சுண்டல் மூடி வச்சிருக்கேன்."

"சாப்பாடு வீட்டுலயே குடுக்கலாமே. எப்படித் தேறிட்டான் பாருங்க. என்ன குடுக்கீங்க, தயிர்ச்சோறுதானா?"

கோமு ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். தெரு முழுக்க அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷம் சொன்னதுதான், வாய் அதற்கு முந்திக்கொண்டு தயாராகவும் இருந்தது. உள்ளே சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார், அவள் ஆமா என்று சொல்லட்டும் என்பதுபோல.

"ஈரல்" என்றாள் கோமு. "ஆட்டு ஈரல். குட்டியில இருந்தே அதுதான் திங்கான். எனக்குத்தான் தெரியாது. மருதந்தோப்புக் கடையில வாங்கிக் குடுக்கது. உங்க அண்ணாச்சி அங்கன போனதும் அதுக்குத்தான், குடிக்கதுக்கு இல்ல. நான் தெருவெல்லாம் சொன்னது அம்புட்டும் பொய்."

விஜயஸ்ரீயின் கிண்ணத்திலிருந்து பூ இரண்டு கீழே விழுந்தது. அப்போது ஆட்டோவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. 'பா, பா' இல்லை. ஓட்டைத் துருத்தி மாதிரி, இழுத்து இழுத்து, கோணிய வாயில் ஒரு பக்கமாக. எல்லோரும் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். வைரவன் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தை நக்கியது.

"போலாம் தம்பி" என்றாள் கோமு. அசன் மைதீன் வண்டியைக் கிளப்பினான்.

தோப்பில் சம்சாரி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார், பேங்க்காரர் பொமரேனியனை இறக்கிவிட்டு மறுபக்கம் பிடித்தார். கடைசி மரத்தடியில், அவருடைய பெஞ்சில், மரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். சம்பந்தம் கிளைகளை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிறவர்போல. சாரம்மாள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

வைரவனின் தட்டு முதலில் வந்தது. பிறகு நுரை பொங்க ஒரு கிளாஸ் வந்தது. கோமு அதை அவர் வாயருகே பிடித்தாள், அவர் பாதியைக் குடித்து மீதியைச் சட்டையில் வழியவிட்டார். வழியட்டும் என்றாள். பல்புகள் எரிய ஆரம்பித்தன. வயலுக்கு அப்பால் ஏதோ கோயில் மணி அடித்தது.

அவருடைய இடது கை மேஜையிலிருந்து எழும்பியது. விரல்கள் குவிந்தன. வாய்க்குப் போயின. கோமு பதறி, நாயின் தட்டைப் பார்த்தாள். தட்டு நிறைய இருந்தது. கிளாசைப் பார்த்தாள், அதுவும் இருந்தது. அப்புறம்தான் அவர் வாசலையும் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அவர் வாயிலிருந்து நகர்ந்து அவள் பக்கம் நீண்டது. திரும்பவும் விரலைக் குவித்தது.

நீ சாப்பிட்டியா?

மார்கழியிலிருந்து அவளை யாரும் அதைக் கேட்கவில்லை.

"இல்ல" என்றாள் கோமு. "இனிமேத்தான்."

கொட்டகைப் பக்கம் திரும்பி, சாரம்மாளிடம் தனக்கும் ஒரு கிளாஸ் கேட்டாள்.